ரஸ்மியா நம்பாத ரிப்போர்ட்

இர்பித் நகரத்தின் பல்கலைக்கழகத் தெருவில், மாதுளை ஜூஸ் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில், ரஸ்மியாவின் மொழிபெயர்ப்பு அலுவலகம் இருக்கிறது. லிஃப்ட் கிடையாது. மூச்சு வாங்க ஏறி வருகிறவர்களிடம் "உட்காருங்க" என்றுகூடச் சொல்லமாட்டாள். "ஒரிஜினல் கொண்டு வந்தீங்களா?" என்றுதான் ஆரம்பிப்பாள். ஜெராக்ஸ் என்றால் வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவாள். எழுபது வயதுக்காரராக இருந்தாலும் அதே கதிதான்.

ஐம்பத்தாறு வயது. கோர்ட்டில் சத்தியப் பிரமாணம் எடுத்து அரசாங்க முத்திரை வாங்கி இருபத்தேழு வருஷம் ஆகிறது. மூத்த மகன் பெயர் முஹன்னத் என்பதால் ஊருக்கு அவள் உம் முஹன்னத், அதாவது முஹன்னத்தின் அம்மா; அலுவலகத்தில் உஸ்தாதா, டீச்சரம்மா மாதிரி. தெரு முழுக்க மொழிபெயர்ப்பு அலுவலகங்கள்தான். ஆனால் டாக்டர் ரிப்போர்ட் என்றால் ஜனங்கள் அவளைத் தேடித்தான் படியேறுவார்கள்.

எங்கள் ஊரில் ஒரு வேடிக்கை உண்டு. டாக்டர் நம்மிடம் அரபியில்தான் பேசுவார், அரபியில்தான் திட்டுவார், உப்பைக் குறைக்காவிட்டால் செத்துப்போவாய் என்று அரபியில்தான் மிரட்டுவார். பேனாவைக் கையில் எடுத்ததும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார். வாயால் சொன்னது ஒன்று, காகிதத்தில் எழுதியது வேறு ஏதோ என்று ஜனங்களுக்கு ஒரு சந்தேகம். அந்தச் சந்தேகம்தான் ரஸ்மியாவுக்குப் பாதிச் சோறு போட்டது.

அவளுக்கு ஒரு பைத்தியம். ஒன்றைப் போலவே தோன்றி வேறு பொருள் தருகிற ஆங்கில வார்த்தைகள். பச்சை அட்டை நோட்டு ஒன்றில் அவற்றை ஜோடி ஜோடியாக எழுதி வைத்திருக்கிறாள். அலோன் என்றால் பக்கத்தில் ஆள் இல்லை, அவ்வளவுதான்; லோன்லி என்றால் பக்கத்தில் பத்துப் பேர் இருந்தும் மனசுக்குத் துணை இல்லை. ஹோப் என்பது நடக்கக்கூடியதற்கு ஆசைப்படுவது. விஷ் என்பது பெரும்பாலும் நடக்காதென்று தெரிந்தே ஆசைப்படுவது. ஹீல் என்றால் காயம் ஆறுவது, எலும்பு கூடுவது, உடம்பு தானே பார்த்துக்கொள்ளும் வேலை. க்யூர் என்றால் நோய் வைத்தியத்தால் அடியோடு ஒழிந்து போவது. டிஸீஸ் என்பது டாக்டர் கண்டுபிடிப்பது, இல்னெஸ் என்பது நாம் படுகிற பாடு. ஒன்று இருந்து இன்னொன்று இல்லாமலும் இருக்கலாம் என்று அதன் கீழே சிவப்பு மையால் கோடு போட்டிருப்பாள்.

"ரெண்டும் ஒண்ணுதானே உஸ்தாதா?" என்று மட்டும் அவளிடம் யாரும் கேட்டுவிடக் கூடாது.

"ஒண்ணா இருந்தா இங்கிலீஷ்காரன் எதுக்கு ரெண்டு வெச்சிருக்கான்? அவன் என்ன நமக்கு விருந்தா போடறான், தட்டுக்கு மேல தட்டு வைக்க?"

நர்சிங் படிக்கப் போக ஒரு பெண் விண்ணப்பம் எழுதிக்கொண்டு வந்தாள். தான் மிகவும் சென்ஸிபிள் என்று அதில் எழுதியிருந்தது. ரஸ்மியா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினாள். "நீ விவரமானவள்னு எழுதியிருக்கே. நோயாளி அழுதா உனக்கும் அழுகை வரும்னு சொல்லணும்னா அது சென்ஸிடிவ். இதுல எது நீ?"

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். "ரெண்டும் இல்ல உஸ்தாதா. எங்கம்மா எழுதச் சொன்னாங்க."

ரஸ்மியா சிரித்துவிட்டுத் தானே ஒரு பாரா எழுதிக் கொடுத்தாள். அந்தப் பெண் இப்போது வெளிநாட்டில் எங்கோ நர்ஸ். விவரமானவளாக ஆகியிருப்பாள் என்று நம்புவோம்.

மயிரிழை வித்தியாசத்துக்குச் சண்டை போடுகிற இந்தப் பெண்மணி, ஒரே ஒரு விஷயத்தில் மலையை மடு என்று வாய் கூசாமல் சொல்வாள். அந்த நோய் விஷயத்தில்.

அந்த நோய்க்கு எங்கள் பக்கம் பெயர் கிடையாது. "அவருக்கு அது வந்திருக்காம்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வோம். சொன்ன கையோடு பேச்சை மழைக்கு மாற்றிவிடுவோம். வந்தவருக்குச் சொல்லக் கூடாது என்பது வழக்கம். டாக்டர் மகனைத் தனியே கூப்பிட்டுச் சொல்வார். மகன் சித்தப்பாவிடம் சொல்வான். சித்தப்பா ஊருக்கே சொல்வார். படுத்திருப்பவருக்கு மட்டும் வாயுத் தொல்லை என்றோ வீக்கம் என்றோ கொழுப்புக் கட்டி என்றோ ஒரு கதை. காகிதத்தை நோயாளி கையில் வைத்துக்கொண்டு அடம்பிடித்தால், ரஸ்மியாவிடம் அழைத்து வருவார்கள். அவர் படியேறுவதற்குள் மகன் இரண்டிரண்டு படியாகத் தாவி முன்னால் வந்து நிற்பான்.

"உஸ்தாதா, எங்கம்மா பின்னால வர்றாங்க. அதுல அது இருக்கு. வீக்கம்னு சொல்லிடுங்க. உங்க புள்ளைங்க நல்லா இருக்கட்டும்."

ரஸ்மியா சொல்வாள். ஒரு சட்டம் மட்டும் வைத்திருந்தாள்: வாய் பொய் சொல்லலாம், முத்திரை சொல்லாது. எழுத்தில் ஒரு சொல்லைக்கூட மாற்றியதில்லை. வாயால் எத்தனை பேருக்குச் சொன்னாள் என்று அவள் எண்ணிப் பார்த்ததில்லை, எண்ணிப் பார்க்கப் பயந்தாள்.

அப்படிச் சொல்லிச் சொல்லி, மறைக்கிற வீட்டின் லட்சணமெல்லாம் அவளுக்கு அத்துப்படி ஆகிவிட்டது. பேசாத அண்ணன் தம்பி பேச ஆரம்பிப்பார்கள். வெளிநாட்டு மகன் லீவு இல்லாத மாதத்தில் வந்து நிற்பான். புருஷன் திடீரென்று பாத்திரம் கழுவுவான். முக்கியமாக, படுத்திருக்கிற அம்மாளிடம் யாரும் சண்டை போட மாட்டார்கள். எவ்வளவு பெரிய வாயாடியும் சாகப் போகிறவளிடம் குரலை உயர்த்துவதில்லை.

ஷம்ஸா என்று ஒருத்தி வந்தாள். கஃபர்ஸூம் கிராமத்தில் மாதுளைத் தோட்டம் வைத்திருந்தவள், அகலமான கைகள், மண் அப்பிய செருப்பு. இரண்டு மகன்களும் முன்னால் ஓடிவந்து கெஞ்சிவிட்டுப் போயிருந்தார்கள். ரஸ்மியா காகிதத்தைப் பார்த்து, "வீக்கம்தான் ஹஜ்ஜா. ஆறிடும்" என்றாள்.

"ஆறிடுமா, போயிடுமா?" என்று கேட்டாள் ஷம்ஸா.

பச்சை நோட்டில் ரஸ்மியா சிரமப்பட்டு எழுதி வைத்த வித்தியாசத்தை, ஒரு ஆங்கில எழுத்தும் தெரியாத தோட்டக்காரி ஒரு வாயில் கேட்டுவிட்டாள். ரஸ்மியா, "ஆறிடும்" என்று மட்டும் திரும்பச் சொன்னாள். போயிடும் என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஷம்ஸா டீயைக் குடித்துமுடித்து, கிளாஸைக் கழுவி வைத்துவிட்டுத்தான் போனாள். இரண்டு வருஷம் மாதுளை சீசனில் ஒரு பெட்டி பழம் வந்தது. மூன்றாவது வருஷம் பெட்டிக்குப் பதில் சாவுச் செய்தி வந்தது.

துக்க வீட்டில் கசப்புக் காப்பி ஊற்றிக் கொடுத்த ஷம்ஸாவின் மகள், ரஸ்மியாவின் காதோடு காதாகச் சொன்னாள்: "அம்மாவுக்கு அன்னிக்கே தெரியும் சித்தி. அவங்களுக்கு முன்னால வந்த ஆளுக்கு நீங்க காகிதத்தைப் படபடன்னு கத்திப் படிச்சீங்களாம். எனக்கு மட்டும் தொட்டில் குழந்தைக்குச் சொல்ற மாதிரி மெதுவாப் படிச்சாள்னாங்க. பாவம், எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவ மனசு நோகும், சொல்லிடாதேன்னாங்க."

அன்று வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் புருஷனிடம் இதைச் சொல்லி ரஸ்மியா அழுதாள். அவள் புருஷன் தவ்கான், நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசாத ஆள். ஆங்கிலம் என்றால் அளவு நாடாவில் உள்ள எண்கள் மட்டும் தெரியும்.

"அப்போ நீ மெதுவாப் படிச்சா பொய்யா?" என்று கேட்டார்.

"என் வாய் அப்படி ஆயிடுச்சு, நான் என்ன பண்ண?"

தவ்கான் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் நாலு வருஷம் கழித்து வந்து உயிரை வாங்கப் போகிறது என்று அப்போது இருவருக்கும் தெரியாது.

இந்த வருஷம் ஆலிவ் பறிக்கிற சமயத்தில், இடது அக்குளுக்குக் கீழே ரஸ்மியாவின் கைக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. கொண்டைக்கடலை அளவு. டாக்டர் அரீஜ் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். பத்து நாள். அந்தப் பத்து நாளும் ரஸ்மியா யாருக்கும் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் அலுவலகம் போய், ஜெராக்ஸ்காரர்களை விரட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

வியாழக்கிழமை ரிப்போர்ட் வந்தது. ஆஸ்பத்திரியில் இருந்து தவ்கானுக்குத்தான் போன் பண்ணினார்கள். எங்கள் பக்கம் வீட்டு ஆம்பிளைக்குத்தான் பண்ணுவார்கள். அவர் போய் வாங்கிக்கொண்டு, வருகிற வழியில் சூடாக ஒரு தட்டுக் குனாஃபா இனிப்பும் வாங்கிக்கொண்டு வந்தார். உறையை நீட்டினார். ஓரம் கிழிந்திருந்தது.

"யார் பிரிச்சது?"

"டாக்டரம்மாதான். பிரிச்சுப் பாத்து, வெறும் கொழுப்புக் கட்டி, பயப்படாதீங்கன்னாங்க. நீ படிச்சுச் சொல்லு."

ரஸ்மியா காகிதத்தைப் பிரித்தாள். கொழுப்புக் கட்டி, கெடுதலான செல்கள் எதுவும் இல்லை. ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தாள். எல்லாம் அதனதன் இடத்தில் சரியாக இருந்தது. அவளுக்குச் சந்தேகம் தட்டியது அதனால்தான்.

கொழுப்புக் கட்டி! இருபத்தேழு வருஷமாக அவள் வாய் சொல்லி வந்த அதே கதை. டாக்டரிடம் கெஞ்சி வீட்டுக்கு ஒரு காகிதம், ஃபைலுக்கு ஒரு காகிதம் என்று வாங்குகிற குடும்பங்கள் உண்டு. இரண்டையும் அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். படிக்கத் தெரிந்தவளை வாயால் ஏமாற்ற முடியாது, காகிதத்தால்தான் ஏமாற்ற முடியும். உறை வேறு கிழிந்திருக்கிறது. குனாஃபா வேறு. சர்க்கரை ஏறும் என்று இனிப்புக் கடைப் பக்கமே போகாத மனுஷன்.

எதிரே தவ்கான் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், எவ்வளவு சிரமப்பட்டு இந்தக் காகிதத்தை ஏற்பாடு பண்ணினாரோ. அவர் மனசு நோகக் கூடாது என்று ரஸ்மியா படித்துச் சொன்னாள். நம்பாத காகிதம் அல்லவா, குரல் தானாக இறங்கியது. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, தொட்டில் குழந்தைக்குச் சொல்வது போல.

"நல்ல செய்திதான் அபூ முஹன்னத். ஒண்ணும் இல்ல. ஆறிடும்."

தவ்கானின் முகத்தில் ஈயாடவில்லை. "அல்ஹம்துலில்லாஹ்" என்றார், எழுந்து முற்றத்துக்குப் போனார். குனாஃபா ஆறிப்போய் வில்லையாக இறுகியது. இருவரும் தொடவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து வந்த தவ்கான் பாத்திரம் கழுவினார். கல்யாணம் ஆகி முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் அந்தத் தொட்டியை எட்டிப் பார்த்ததில்லை. ரஸ்மியா கதவோரம் நின்று பார்த்தாள். கிளாஸின் உள்பக்கத்தைக் கழுவாமலே கவிழ்த்தார். வேறு நாளாக இருந்தால் கிளாஸோடு சேர்த்து அவரையும் கழுவி இருப்பாள். "நல்லாக் கழுவறீங்க" என்றாள். தவ்கான் கையில் இருந்த கிளாஸ் நழுவியது.

சனிக்கிழமை அவள் தம்பி நாயிஃப் வந்தான். அப்பாவின் ஆலிவ் தோப்பைப் பிரித்ததில் கோபித்துக்கொண்டு நாலு வருஷமாகப் பேசாதவன். புது எண்ணெய் ஒரு டின் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்று, "அக்கா" என்றான். அந்த ஒரு சொல்லுக்கு நாலு வருஷம் ஏங்கியவள்தான். இப்போது கேட்டதும் கத்தி இறங்கியது போல இருந்தது. திங்கட்கிழமை கத்தாரில் இருந்து முஹன்னத் போன் பண்ணினான், மாசக் கடைசியில் வருகிறானாம். "சும்மாத்தான்மா" என்றான். சும்மா வருகிற மகனை அவள் எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறாள்!

கேட்கலாமே என்று நீங்கள் சொல்வீர்கள். மறைக்கிற வீட்டில் போய்க் கேட்பது எவ்வளவு கொடுமை என்று அவளுக்குத் தெரியும். உளறுவார்கள், அழுவார்கள், அப்புறம் கண்ணைப் பார்க்கமாட்டார்கள். ஷம்ஸா கேட்கவில்லை. தானும் கேட்பதில்லை என்று முடிவு பண்ணினாள். மறைக்கிறவர்களுக்குத் தெரியாமல், தனக்குத் தெரியும் என்பதை மறைத்தாள்.

அதனால் சாந்தமானாள். அதுதான் வினை. அலுவலகத்துக்கு ஒரு கிழவர் எழுத்தே தெரியாத ஜெராக்ஸ் ஒன்றைக் கொண்டுவந்தார். அவரை உட்காரவைத்து, சால்வியா இலை போட்ட டீ கொடுத்து, "பரவாயில்ல பெரியவரே, இதை வெச்சே பண்ணித் தர்றேன்" என்றாள். கிழவர் கீழே இறங்கி ஜூஸ் கடை அபூ தாவூதிடம் சொன்னார். அபூ தாவூத் நம்பாமல் மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, தவ்கானுக்குப் போன் போட்டார்: "உங்க வீட்டம்மாவுக்கு உடம்பு சரியில்லையா? நேத்து என்னைப் பாத்துச் சிரிச்சாங்க."

ஒரு நாள் மத்தியானம் ரஸ்மியா பச்சை நோட்டைத் திறந்து, ஹோப் என்று எழுதிய பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் நோட்டை மூடி, முத்திரையைத் துணியில் சுற்றி, இழுப்பறையில் வைத்தாள். பேரப்பிள்ளையை இன்னும் பார்க்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பயமாக இருந்தது, அப்பட்டமான பயம். யார் தோளிலாவது சாய்ந்து அழ வேண்டும் போல இருந்தது, சாய வேண்டிய தோள்களெல்லாம் தன்னிடம் பொய் சொல்கிற தோள்களாகப் போய்விட்டன.

புதன்கிழமை ஓரகத்தியிடம் மன்னிப்புக் கேட்கப் போனாள்.

ஓரகத்தி என்றால் தவ்கானின் அண்ணன் மனைவி ஹியாம். அதே கட்டடத்தில் மேல் மாடி. முப்பது வருஷமாக இருவருக்கும் ஆகாது. மாடித் தண்ணீர் சொட்டுகிறது, கொடியில் என் பக்கம் உன் துணி, என் பிள்ளை மார்க்கு, உன் பிள்ளை மார்க்கு என்று சண்டைக்கு விஷயம் தீர்ந்ததே இல்லை. போன பெருநாளைக்கு ரஸ்மியா மக்மூரா செய்ய ஹியாமின் பெரிய செம்புத் தேக்சாவை இரவல் வாங்கினாள். மாவும் கோழியும் வெங்காயமும் அடுக்கடுக்காக வைத்து, எண்ணெய் ஊற்றி, அரை நாள் அடுப்பில் கிடக்கிற பண்டம். அடி பிடித்துவிட்டது. தேக்சாவைத் திருப்பிக் கொடுக்க வெட்கப்பட்டு அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். யாருக்கும் எதுவும் பாக்கி வைக்காமல் போக வேண்டும் என்று தோன்றியதும், அதை எடுத்துக் கம்பி நார் போட்டுத் தேய்த்து, தூக்கிக்கொண்டு படியேறினாள்.

ஹியாம் கதவைத் திறந்தாள். மாவு படிந்த கை.

"உம் ஸஃப்வான்," என்றாள் ரஸ்மியா. "இந்தா உன் தேக்சா. முப்பது வருஷத்துல உன்னை என்னென்னவோ பேசியிருப்பேன். எல்லாத்தையும் மன்னிச்சிடு."

ஹியாம் தேக்சாவை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்து உள்ளே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கழுத்து சிவந்து, சிவப்பு காது வரைக்கும் ஏறியது.

"ஈயப் பூச்சு எங்கே?"

"என்னது?"

"ஈயப் பூச்சு எங்கேடி? எங்கம்மா வீட்டுச் சீர்! முதல்ல அடி பிடிக்க வெச்சே. அப்புறம் ஆறு மாசம் ஒளிச்சு வெச்சே, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? இப்போ கம்பி நார் போட்டுச் சுரண்டி ஓட்டை போடற அளவுக்குக் கொண்டு வந்திருக்கே! இதுல சமைச்சா என் வீடு மொத்தமும் விஷத்துல போகும். மன்னிக்கணுமாம் மன்னிக்க! மொத்தமா மன்னிச்சா இந்தத் தேக்சாவும் அதுக்குள்ள அடங்கிடும்னு பாத்தியா?"

ரஸ்மியா அவளையே பார்த்தாள். ஹியாம் கத்துகிறாள். தன்னைப் பார்த்துக் கத்துகிறாள்.

"அதோட இன்னொண்ணு. உன் நாடகத்தால அஞ்சு நாளா என் வீட்டுல நிம்மதி இல்ல. உன் புருஷன் காலைல எழுந்தா என் அடுப்படில வந்து உக்காந்து அழறார். அவ காகிதத்தை மெதுவாப் படிச்சாள், ஷம்ஸாவுக்குப் படிச்ச மாதிரியே படிச்சாள், ஏதோ இருக்கு, எங்கிட்ட மறைக்கறாள்னு. நாயிஃபைக் கால்ல விழாத குறையாக் கூட்டிட்டு வந்தது அவர்தான். உன் மகனை வரச் சொன்னதும் அவர்தான். கடைசில வல்லாஹி, என்னால தாங்க முடியல. நேத்து நானே முட்டி வலின்னு சீட்டு வாங்கிட்டுப் போய் அந்த டாக்டரம்மா முன்னால உக்காந்துட்டேன். மூணு மணி நேரம்! அவங்க ஃபைலைப் பிரிச்சு, குர்ஆன் மேல கை வெச்சுச் சொன்னாங்க, கொழுப்பு, வெறும் கொழுப்புன்னு. உனக்கு இருக்கற கொழுப்புக்கு இன்னும் பெருசா வந்திருக்கணும்னு சொல்லிட்டு வந்தேன். உனக்காக ரெண்டு ரக்அத் வேற அதிகமாத் தொழுதேன். அதைத் திருப்பிக் குடு!"

ரஸ்மியா படியில் உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டரின் சத்தியம் அவள் காதில் சரியாக விழவே இல்லை. டாக்டர்கள் எவ்வளவோ சொல்வார்கள். ஆனால் ஹியாம் தன் அம்மா வீட்டுச் சீருக்காகக் காது கிழியக் கத்துகிறாள். சாகப் போகிறவளிடம் யாரும் இப்படிக் கத்துவதில்லை. இருபத்தேழு வருஷத்தில், இத்தனை வீட்டில், ஒருத்தர்கூடக் கத்தியதில்லை. இதைவிடப் பெரிய ரிப்போர்ட் எந்த ஆஸ்பத்திரி தரும்? சிரிப்பு வந்தது, சிரிப்போடு அழுகை வந்தது, மூக்கு ஒழுகியது. டிஸீஸ் ஒன்றும் இல்லை. ஆறு நாள் இல்னெஸ்ஸில் கிடந்திருக்கிறாள், அதுவும் தன் கையாலேயே வரவழைத்துக்கொண்டது.

"எதுக்குச் சிரிக்கறே?" என்றாள் ஹியாம், இன்னும் கோபம் ஆறாமல்.

"இன்னும் திட்டு."

"என்னது?"

"திட்டு ஹியாம், இன்னும் கொஞ்சம் திட்டு."

ஹியாமுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்திருக்க வேண்டும். அழுதுவிடுவாளோ என்று ரஸ்மியா பயந்தாள். ஆனால் முப்பது வருஷப் பழக்கம் கைவிடவில்லை. "உனக்கு எங்கிட்ட வேற வேலை இல்லையா? அந்தக் கொடில உன் போர்வை மூணு நாளா என் பக்கம் தொங்குது!" என்றாள்.

ரஸ்மியா எழுந்தாள். ஆறு நாளாக அடக்கி வைத்திருந்த குரல் அடிவயிற்றில் இருந்து கிளம்பி வந்தது. "உன் பக்கமா? அந்தக் கொடியைக் கட்டினதே என் புருஷன்! ஆணி அடிச்சது யாரு, உங்கப்பாவா?"

கட்டடம் முழுக்கக் கேட்டது. முற்றத்தில் ஆலிவ் மூட்டைகளுக்கு வாய் கட்டிக்கொண்டிருந்த தவ்கானுக்கும் கேட்டது. அவர் சணல் கயிற்றைக் கீழே போட்டார். தலையை உயர்த்தி, மனைவி கத்துவதை முழுசாக, ஒரு சொல் விடாமல் கேட்டார். அப்புறம் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து, தலைத்துணியால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

ரஸ்மியா மூச்சு வாங்க இறங்கி வந்தபோது அவர் அப்படியேதான் இருந்தார்.

"என்ன மனுஷன் நீங்க!" என்றாள். "நான் மறைக்கறேன்னு எப்படி நெனச்சீங்க?"

"நீ மட்டும் என்ன நெனச்சே?"

ரஸ்மியா பக்கத்து மூட்டையில் உட்கார்ந்தாள். இருவர் கையிலும் ஆலிவ் கறை. தவ்கான் சட்டைப் பையில் இருந்து அந்த ரிப்போர்ட்டை எடுத்தார். ஆறு நாளாக நெஞ்சோடு வைத்திருந்ததில் மடிப்பு மடிப்பாக நைந்திருந்தது.

"படி" என்றார். "மெதுவாப் படிச்சா எனக்கு வேணாம்."

ரஸ்மியா கண்ணாடியைத் தேடினாள். தலைமேல் இருந்தது. இறக்கி மாட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமி, ஒரே மூச்சில் படபடவென்று படித்தாள். பெயர், வயது, தேதி, இடது அக்குள், கொழுப்புக் கட்டி, கெடுதலான செல்கள் இல்லை, இல்லவே இல்லை. நடுவில் டைப் அடித்தவன் ஒரு எழுத்தை விட்டிருந்தான் என்று அவனையும் அவனைப் பெற்றவர்களையும் திட்டினாள். கடைசிக் கையெழுத்து வரை நிறுத்தவில்லை.

மேலே ஜன்னல் திறந்தது. "கேக்குது, கேக்குது! என் தேக்சாவுக்கு ஈயம் எப்போ பூசித் தருவே?"

ரஸ்மியா பதில் சொல்ல வாயெடுத்தாள். தவ்கான் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்புறம் சொல்லிக்கலாம்" என்றார். "இன்னொரு தடவை படி."

அவள் முதலில் இருந்து ஆரம்பித்தாள். இந்தத் தடவை இன்னும் வேகமாக.